கையுணர்வும் அளவுகோலும்

செம்பூரில் வாழும் நம் அன்பர்களுள் பலர் பம்பாய் பிரெசிடென்சி கோல்ஃப் கிளப்பின் ஓரமாக நாள்தோறும் சென்று வருகின்றனர். 1927-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அக்கழகத்தின் புல்வெளி, வீடும் வீடும் முட்டிக்கொண்டு நிற்கும் இந்நகரில் கண்ணுக்குக் குளிர்ச்சி தருவது. ஆயினும், உள்ளே நிகழும் ஆட்டம் செல்வர்க்கே உரியது, நமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று எண்ணி நாம் அப்பால் சென்றுவிடுகிறோம். கட்டணத்தை நினைக்குங்கால் அவ்வெண்ணத்தைக் குறை கூறுவதற்கில்லை. எனினும் அவ்வாட்டம் ஆடாதவர்க்கும் ஒரு பாடம் வைத்திருக்கிறது. அப்பாடத்தைப் பற்றியே இம்மாதம் எழுத விரும்புகிறோம்.

இந்தியாவில் கோல்ஃப் மிகப் பழையது. கல்கத்தாவில் 1829-ஆம் ஆண்டிலேயே அதற்கெனக் கழகம் தோன்றிவிட்டது. ஆங்கிலேயரும் அவர்க்குப் பின் செல்வரும் ஆட, மட்டைகள் நிறைந்த பையைத் தோளில் சுமந்து உடன் நடந்தவர்கள் ஏழை வீட்டு இளைஞர்களே. அவ்வாறு சுமந்தவர்களுள் சிலர் பார்த்துப் பார்த்தே கற்று, தம் முதலாளிகளையும் வென்றனர். தில்லியில் பை சுமந்து வாழ்வு தொடங்கிய அலி ஷேர் என்பவர் 1991-இல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்றார். 1993-இல் மீண்டும் அதனை வென்றார். ஆகவே அவ்வாட்டம் எவர்க்கும் எட்டாக்கனி என்று முடிவு கட்டுவது பொருந்தாது.

ஆட்டத்தை அறியாதவர்க்குச் சுருங்கச் சொல்வோம். 46 கிராமுக்கு மிகாத எடையுடைய ஒரு சிறு பந்து தரையில் அசையாது கிடக்கிறது. நீண்ட காம்புடைய மட்டையை ஓங்கி வீசி அதனை அடித்து, தொலைவிலுள்ள குழியை நோக்கிச் செலுத்த வேண்டும். கிரிக்கெட்டில் பந்து நம்மை நோக்கிப் பாய்ந்து வருகிறது, டென்னிஸிலும் அவ்வாறே. இங்கோ பந்து காத்துக் கிடக்கிறது. இதில் என்ன அருமை என்று தோன்றும். ஆனால், பல்லாண்டு ஆடியவர்களும் பந்து தாம் நினைத்த திசையில் செல்லவில்லையே என்று வருந்துவதே இவ்வாட்டத்தின் இயல்பு. அதற்குக் காரணம் யாது?

மட்டையை ஓங்கியபின் அது கீழிறங்கிப் பந்தை அடைவதற்குக் கால் வினாடி அளவே ஆகிறது. மட்டையின் முகமும் பந்தும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் நேரமோ, ஒரு வினாடியை 2,000 கூறாக்கினால் அவற்றுள் ஒரு கூறு. கையில் தோன்றும் அதிர்ச்சி நரம்பின் வழியே மூளையைச் சென்றடைய அதனினும் பன்மடங்கு நேரம் வேண்டும். பந்து பட்டதை மூளை உணர்வதற்குள் அது மட்டையை விட்டு ஒரு மீட்டருக்கு மேல் பறந்து போயிருக்கும். ஆகவே, "மட்டை பட்ட கணத்தில் என் மணிக்கட்டு இப்படி இருந்தது" என்று ஆட்டக்காரர் சொல்வது, நடந்து முடிந்த ஒன்றைப் பற்றி மனம் பின்னர்ப் புனைந்து கொண்ட கதையேயாகும். அவர் பொய் சொல்வதில்லை. அவருடைய உடலே அவருக்குச் சரியான செய்தியைக் கொடுப்பதில்லை.

இதனால் விளையும் கேட்டிற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். வலக்கை ஆட்டக்காரர் ஒருவர் அடிக்கும் பந்து எப்போதும் வலப்புறமாக வளைந்து ஓடுகிறது. இக்குறையை ஆட்டக்காரர் 'ஸ்லைஸ்' என்பர். பந்து வலப்புறம் ஓடுவதைக் கண்ட அவர், அடுத்த முறை இடப்புறம் நோக்கி இன்னும் வலிந்து வீசுகிறார். அறிவுக்குப் பொருத்தமாகவே தோன்றும் மருந்து இது. ஆனால், பந்தை வளைப்பது மட்டை செல்லும் வழிக்கும் மட்டையின் முகம் நோக்கும் திசைக்கும் உள்ள வேறுபாடே. முகம் இருந்தபடியே இருக்க, வழியை மட்டும் இடப்புறம் திருப்பினால் வேறுபாடு பெருகுகிறது. பந்து முன்னினும் மிகுதியாக வலப்புறம் வளைகிறது. நோயாளி மருந்தின் அளவைக் கூட்டக் கூட்ட நோயும் வளர்கிறது. இவ்வாறே பல்லாண்டு கழித்தவர்கள் உலகெங்கும் உளர்.

ஆட்டக்காரரை மட்டும் குறை கூறுவானேன்? ஆசிரியர்களுள்ளும் மிகப் பலர் நெடுங்காலம் தலைகீழாகவே சொல்லி வந்தனர். பந்து முதலில் மட்டை சென்ற வழியிலே புறப்படும், பின்னர் முகம் நோக்கிய திசைக்கு வளையும் என்பது அவர்தம் போதனை. 1968-இல் பிரிட்டனில் அறிவியலாளர் துணையுடன் நடந்த ஆராய்ச்சி ஒன்று நூலாக வெளிவந்து உண்மையைச் சொன்னபோதும், பழைய போதனை அசையவில்லை. விமானத்தையும் குண்டையும் பின்தொடரும் ரேடார் முறையைச் சிறு பெட்டிக்குள் அடக்கிய கருவிகள் வந்த பின்னரே அது அசைந்தது. டென்மார்க்கு நாட்டில் 2003-இல் தோன்றிய 'ட்ராக்மேன்' நிறுவனத்தின் கருவி அவற்றுள் பேர் பெற்றது. மட்டை எவ்வழி வந்தது, முகம் எத்தனை பாகை திரும்பியிருந்தது, பந்து எத்திசையில் எவ்வேகத்தில் எத்தனை சுழற்சியோடு புறப்பட்டது என்பனவற்றை அஃது எண்ணாகக் காட்டியது. பந்து புறப்படும் திசையை ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கும் அதற்கு மேலும் முடிவு செய்வது மட்டையின் முகமே என்பது ஐயமின்றித் தெரிந்தது. தலைமுறை தலைமுறையாகக் கண்ணாலும் கையாலும் 'அறிந்த' ஒன்று, அளந்தவுடன் மாறிப்போயிற்று.

அக்கருவியின் விலை நம்மவர்க்கு எட்டாதது. ஆனால் அளவு என்பது விலையுயர்ந்த கருவியில்தான் இருக்கிறது என்று கருதுவது பிழை. மட்டையின் முகத்தில் சிறிது முகப்பவுடரைப் பூசிக்கொண்டு அடித்தால், பந்து பட்ட இடம் அதில் அச்சாகப் பதிந்துவிடும். நடுவில் பட்டதாகக் கை சொல்லும். ஓர் அங்குலம் விலகிப் பட்டதாகப் பவுடர் சொல்லும். தரையில் இரண்டு நேரான குச்சிகளை இட்டு, ஒன்றைக் குறியை நோக்கியும் மற்றொன்றைப் பாதங்களுக்கு இணையாகவும் வைத்தால், தாம் நேராக நிற்பதாக எண்ணியிருந்தவர் கோணலாக நிற்பது விளங்கும். கைபேசியிலுள்ள மெதுவியக்கப் படமும் நல்ல சாட்சி. ஆனால் அதன் எல்லையையும் அறிதல் வேண்டும். வினாடிக்கு 240 படம் எடுக்கும் கைபேசியில்கூட, ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே பெரிய மட்டையின் தலை ஒரு சாண் அளவு நகர்ந்துவிடுகிறது. ஆகவே பந்து படும் கணம் அதில் அகப்படுவது அரிது. தோள், இடுப்பு, ஓங்கிய கை ஆகியவற்றின் நிலையை அது நன்கு காட்டும். நாள்தோறும் ஒரே இடத்தில், கை உயரத்தில், ஒரே கோணத்தில் கைபேசியை வைக்க வேண்டும். இடம் மாறினால் படமும் பொய் சொல்லும்.

இனி, நம்மவர் அனைவரும் அறிந்த கிரிக்கெட்டுக்கு வருவோம். அளவின் பெருமையை முத்தையா முரளிதரன் வரலாற்றினும் தெளிவாகக் காட்டுவது வேறொன்றில்லை. அவருடைய பாட்டனார் தமிழகத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குப் பிழைக்கச் சென்றவர். பேரர் 1972-இல் கண்டியில் பிறந்தார். 1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்னில், பல்லாயிரவர் முன்னிலையில், அவர் பந்தை வீசவில்லை, எறிகிறார் என்று நடுவர் டேரல் ஹேர் ஏழு முறை தடுத்தார். நடுவரின் கண்ணுக்கு அவ்வாறே தோன்றியது. தொலைக்காட்சியில் பார்த்த பலர்க்கும் அவ்வாறே தோன்றியது. 1996-இல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹாங்காங்கிலும் அவருடைய கை ஆராயப்பட்டது. பிறவியிலேயே முழுவதும் நீளாத முழங்கை அவருடையது என்பதும், வளைந்த அக்கை சுழலும்போது எறிவது போன்ற தோற்றம் பார்ப்பவர் கண்ணில் உண்டாகிறது என்பதும் தெரிய வந்தன. பந்தை எறிந்தார் என்ற பழி அன்று நீங்கியது.

அதே அளவுகோல் பின்னொரு நாள் அவர்க்கு எதிராகவும் பேசியது. 2004-இல் அவருடைய 'தூஸ்ரா' என்னும் பந்தை அளந்தபோது முழங்கை 14 பாகை அளவு நீள்வது தெரிந்தது. அன்று சுழற்பந்து வீச்சாளர்க்கு விதித்திருந்த எல்லை 5 பாகையே. பயிற்சியால் அதனை ஏறத்தாழ 10 பாகையாகக் குறைத்தும், அப்பந்தை வீசலாகாது என்று அவர்க்குச் சொல்லப்பட்டது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. மற்றப் பந்து வீச்சாளர்களையும் அளந்து பார்த்தபோது, கண்ணுக்குக் குற்றமற்றவராகத் தோன்றிய பெரும் புகழாளர்களும் முழங்கையை ஓரளவு நீட்டியே வீசுகின்றனர் என்பது வெளிப்பட்டது. அதனால் 2005 மார்ச்சு முதல் எல்லார்க்கும் பொதுவாக 15 பாகை என எல்லை வகுக்கப்பட்டது. 2010-இல் காலி நகரில் தம் 800-ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்து முரளிதரன் டெஸ்ட் ஆட்டங்களிலிருந்து ஓய்வு பெற்றார். அளவு அவர்க்குச் சலுகை காட்டவில்லை, பகையும் காட்டவில்லை. பிழைக்க வந்த ஊரில் பிறர் கண்ணாலேயே மதிக்கப்பட்டு வாழும் நம்போன்ற குடும்பங்கள் எண்ணிப் பார்க்க வேண்டியது இதுவே. கண்ணுக்கு ஆளைத் தெரியும், ஊரைத் தெரியும், பேச்சின் சாயல் தெரியும். அளவுகோலுக்கு அவை தெரியா.

இன்று இத்தகைய சோதனை நம் சென்னையிலேயே நடைபெறுகிறது. போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் விளையாட்டு அறிவியல் மையத்தைப் பன்னாட்டுக் கிரிக்கெட் அமைப்பு ஏற்றுக்கொண்டது. ஒளியைத் திருப்பும் சிறு பொட்டுகளைக் கையில் ஒட்டி, பல விரைவுக் காமிராக்களால் படமெடுத்து, ஒவ்வொரு பந்திலும் முழங்கை நீளும் அளவைக் கணிக்கின்றனர். 2014 செப்டம்பரில் தடை செய்யப்பட்ட பாகிஸ்தான் வீரர் சயீத் அஜ்மல், தம் வீச்சை மாற்றிக்கொண்டு 2015 ஜனவரியில் சென்னையில் மீண்டும் சோதிக்கப்பெற்றார். பிப்ரவரியில் அவருடைய வீச்சு முறையானதே என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் அவர் பழைய வலிமையை மீண்டும் பெறவில்லை. 2017-இல் ஓய்வு பெற்றார். எண் திருந்திவிட்டது, அத்திருத்தம் கைக்குப் பழகி இயல்பாவதற்கு நெடுங்காலம் வேண்டும் என்பதை அவர் வரலாறு காட்டுகிறது.

ஆகவே, கையுணர்வை வீசி எறிந்துவிட்டு எண்ணை மட்டும் பற்றிக்கொள்ளுமாறு நாம் சொல்லவில்லை. ஆடும்போது ஆட்டக்காரரிடம் இருப்பது உணர்வு ஒன்றே. அவ்வுணர்வுக்குக் கல்வி புகட்டுவதே அளவின் வேலை. "இவ்வாறு உணர்ந்தால் உண்மையில் இவ்வாறு நிகழ்கிறது" என்று இரண்டையும் இணைத்துக் கற்பதே பயிற்சி. மட்டையின் முகத்தை இரண்டு பாகை மூட வேண்டிய ஒருவர், பத்துப் பாகை மூடுவதுபோல் உணர்ந்தால்தான் அவ்விரண்டு பாகை நிகழ்கிறது என்றால், அவர் அந்தப் பத்துப் பாகை உணர்வையே வைத்துக்கொள்ளலாம். அது பொய்யுணர்வுதான்; ஆனால் அளந்து பார்த்து ஏற்றுக்கொண்ட பொய்.

இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஒரு வழியுண்டு. 1932-இல் அமெரிக்காவில் டிரோபிரிட்ஜ், கேசன் என்னும் இருவர் செய்த சோதனை அது. கண்ணை மறைத்துக்கொண்டு மூன்று அங்குல நீளமுள்ள கோடுகளை வரையச் சொன்னார்கள். ஒரு பிரிவினர்க்கு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பிரிவினர்க்கு ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் பொருளற்ற ஓர் அசையைச் சொன்னார்கள். மற்றொரு பிரிவினர்க்குச் 'சரி', 'தவறு' என்று மட்டும் சொன்னார்கள். நான்காம் பிரிவினர்க்கு எத்தனை நீளம் மிகுந்தது, எத்தனை குறைந்தது என்று அளந்து சொன்னார்கள். முதல் இரு பிரிவினரும் நூறு கோடு வரைந்தும் முன்னேறவில்லை. சரி, தவறு கேட்டவர்கள் ஓரளவு முன்னேறினர். அளவு கேட்டவர்களே மிகவும் முன்னேறினர்.

இச்சோதனையிலுள்ள பொருளற்ற அசையை நம் இல்லங்களில் நாம் நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். குழந்தை பாடினாலும் 'சபாஷ்', ஆடினாலும் 'சபாஷ்', ஓவியம் வரைந்தாலும் 'சபாஷ்'. அன்பினால் சொல்வது; அதனைத் தவறென்று கூறோம். ஆனால் அதனால் குழந்தை கற்பது ஒன்றுமில்லை. அதற்கு மறுபுறமாக, "இவனுக்கு இது வராது" என்று ஒரே சொல்லில் தீர்ப்பளிப்பாரும் உளர். மாட்டுங்கா மைதானத்திற்கும் பாட்டு வகுப்புக்கும் பிள்ளையை அனுப்பி, மாதந்தோறும் கட்டணம் செலுத்தி, ஓராண்டுக்குப் பின் அவ்வொரு சொல்லைக் கேட்டுக் கற்பதையே நிறுத்திவிட்ட குடும்பங்கள் எத்தனை! எது வரவில்லை, எவ்வளவு வரவில்லை, சென்ற மாதத்தைவிடக் கூடியதா குறைந்ததா என்று கேட்கும் உரிமை பெற்றோர்க்கு உண்டு. விடை சொல்லக்கூடிய ஆசிரியரே நல்லாசிரியர்.

தாராவியில் தையல் தொழில் செய்யும் நம் அன்பர்கள் இதனை நன்கு அறிவர். முப்பதாண்டு பழகிய தையற்காரர் ஆளைப் பார்த்தவுடன் சட்டையின் அளவைச் சொல்லிவிடுவார். ஆயினும் கத்தரிக்கோலை எடுக்குமுன் அங்குல நாடாவை எடுக்கத் தவறமாட்டார். வெட்டிய துணி ஒட்டாது என்பது அவர்க்குத் தெரியும். கண்மதிப்பும் நாடாவும் நாள்தோறும் ஒத்துப் பார்க்கப்பெற்றதனால்தான் அவருடைய கண்மதிப்பே அத்துணைக் கூர்மை பெற்றது. பாட்டுப் பயிலும் பெண், தன் குரலைக் கைபேசியில் பதிவு செய்து, சுருதிப் பெட்டியோடு ஒப்பிட்டுக் கேட்பதும் இவ்வகைத்தே. பாடும்போது தன் காதில் கேட்கும் குரல் எலும்பின் வழியாகவும் வருவதாதலின், அவையோர் கேட்கும் குரலன்று. பதிவைக் கேட்ட முதல் நாள் மனம் வருந்தும். பத்தாம் நாள் சுருதி சேரும்.

இங்கே மூன்று எச்சரிக்கைகள் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

முதலாவது, அளவு அளவோடு இருத்தல் வேண்டும். 1990-இல் வின்ஸ்டீன், ஷ்மிட் என்னும் இரு ஆராய்ச்சியாளர், பயிற்சியில் ஒவ்வொரு முயற்சிக்கும் விடை சொல்லப்பட்டவர்களைக் காட்டிலும், பாதி முயற்சிகளுக்கு மட்டும் விடை சொல்லப்பட்டவர்களே கற்றதைப் பின்னர் நன்கு நினைவிற் கொண்டிருந்தனர் என்று கண்டனர். ஒவ்வோர் அடிக்கும் எண்ணைப் பார்ப்பவர் எண்ணில்லாமல் ஆட இயலாதவராகிவிடுகிறார். ஆதலின் அடித்தவுடன் கருவியைப் பார்க்கலாகாது. "இடப்புறம் சென்றிருக்கும், நடுவில் பட்டிருக்கும்" என்று முதலில் தாமே ஊகித்துச் சொல்ல வேண்டும். பின்னரே பார்க்க வேண்டும். ஊகமும் உண்மையும் நெருங்கி வருவதே முன்னேற்றத்தின் அடையாளம்.

இரண்டாவது, ஒரு நேரத்தில் ஓர் எண்ணே போதும். கருவி முப்பது எண்களைக் காட்டலாம். முப்பதையும் திருத்த முயல்பவர் மட்டையைத் தூக்கவும் அஞ்சுவார்.

மூன்றாவது, அளப்பது செயலையே அன்றி ஆளை அன்று. மட்டையின் முகம் மூன்று பாகை திறந்திருந்தது என்றால், அதன் பொருள் மூன்று பாகை திறந்திருந்தது என்பதே. ஆட்டக்காரர் மூடர் என்பதன்று. நம் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலை நாம் படிக்கும் முறையில் இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது. கணக்கில் 42 என்பதைப் பார்த்ததும் பிள்ளையின் பிறவிக் குணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறோம். எந்தக் கணக்கில், எந்தப் படியில் தவறினான் என்று விடைத்தாளைப் புரட்டிப் பார்ப்பவர் சிலரே. அவ்வாறு ஏசப்பெற்ற பிள்ளை அடுத்த முறை விடைத்தாளையே மறைத்துவிடுவான். அளவைக் கண்டு அஞ்சும்படி செய்துவிட்டால், பின்பு அளவினால் பயனில்லை.

நேயர்கள் இம்மாதம் ஒரு மாலைப்பொழுதில் வீட்டிலுள்ளோர் அனைவரையும் அமர்த்தி, கண்ணைக் கட்டிக்கொண்டு மூன்று அங்குலக் கோடு இருபது வரையச் செய்க. முதற் பத்துக் கோடுகளுக்கு ஒன்றும் சொல்லாதீர்கள். பிற்பத்துக் கோடுகளுக்கு, வரைந்தவர் தம் ஊகத்தைச் சொன்னபின், அடிக்கோலால் அளந்து கூடுதல் குறைவைச் சொல்லுங்கள். இரண்டு பத்துகளையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டதை எமக்கு எழுதுங்கள். தாத்தா பாட்டியரும் இதில் கலந்துகொள்ளலாம். தாம் வரைந்த முதற் பத்துக் கோடுகளைக் கண்டு அவர்கள் சிரிக்கும்போது, தவறு என்பது அஞ்சத்தக்கதன்று, அளக்கத்தக்கது என்பதைக் குழந்தைகள் தாமே தெரிந்துகொள்வார்கள்.